மரத்துக்குப் பார்த்த மண்ணை மனிதனுக்குப் பார்த்தீர்களா?

தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற குரல் இன்று நேற்று எழுந்ததன்று. லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, வேலை ஓய்ந்ததும் அந்த லயத்தையே காலி செய்துவிட்டு நடுத்தெருவில் நிற்க நேர்ந்த மக்களின் குரல் அது. அந்தக் குரலுக்காக நாம் மேடையில் பேசியிருக்கிறோம், மனுக் கொடுத்திருக்கிறோம், பேச்சுவார்த்தை மேசையில் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறோம். இனியும் வாதாடுவோம். அதில் ஐயமில்லை.

ஆனால், இன்று நாம் கேட்க விரும்புவது நிர்வாகத்தாரை மட்டுமன்று; நம்மையும்தான். வீடு கேட்டோம். எத்தனை அறை என்று கேட்டோம். எத்தனை சதுர அடி என்று கேட்டோம். கூரை ஓடா தகரமா, குழாய்த் தண்ணீர் உண்டா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டோம். அந்த வீடு எந்த மண்ணின்மேல் நிற்கப் போகிறது என்று கேட்டோமா? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் கேட்கவில்லை. இந்தக் குறையை முதலில் நம் தலையிலேயே சுமந்துகொண்டு, மேற்கொண்டு பேசுகிறோம்.

கண்ணால் கண்டது

அண்மையில் கடலோரப் பகுதியிலுள்ள ஒரு வீடமைப்புக்குப் போயிருந்தோம். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்குள்ள குடும்பங்கள் இன்னும் சம்பந்தப்பட்டவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவரின் வீடு. சேமநிதிப் பணத்தை எடுத்து, வீட்டின் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார். தாய்வீடு நேராக நிற்கிறது. நீட்டிய சமையலறை பின்பக்கமாகச் சாய்ந்து கொண்டிருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளந்து, விரலை விட்டால் நுழைகிறது. மழை நாளில் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்குவதில்லை. வாசலில் நட்ட முருங்கை இரண்டு முறை அழுகிவிட்டது.

“அண்ணே, குறை சொல்ல மனசு வரல. நம்ம பேருல இருக்கிற முதல் வீடு இது. ஆனா மழை இறங்கிட்டா தூக்கம் வரமாட்டேங்குது” என்றார் பெரியவர்.

அவருடைய மனைவியார் அவ்வளவு பொறுமையாகப் பேசவில்லை. “லயத்து வாசல்ல குச்சியை ஒடிச்சு நட்டாலும் துளிர்க்கும். இங்க கீரை விதைச்சாக்கூட வரல. வீட்டைக் காட்டுனாங்க, கையெழுத்துப் போட்டோம். மண்ணைப் பத்தி யாருங்க நமக்குச் சொன்னா?” என்று கேட்டார்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பிறந்த விடைதான்.

அங்கே நடந்தது மாயமன்று. கடலோரத்துக் களிமண் தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்துக் கிடப்பது. அதன்மேல் பாரம் ஏறினால், உள்ளிருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். தண்ணீர் போகப் போக மண் அமுங்கும். இது ஒரு நாளில் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் நடப்பது. தாய்வீட்டை ஆழமாக இறக்கிய தூண்களின்மேல் கட்டியிருக்கிறார்கள், அது நிற்கிறது. பின்னால் நீட்டிய சமையலறை வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அது மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. கழிவறை இருப்பது தாய்வீட்டில். கழிவுத் தொட்டி இருப்பது இறங்குகிற மண்ணில். இரண்டையும் இணைக்கும் குழாய் நடுவில் ஒடியாமல் என்ன செய்யும்?

கொத்தனார் ஒருவேளை நல்லவராகவே இருக்கலாம். சிமெண்டும் குறைவில்லாமல் இருக்கலாம். தரையடியில் என்ன இருக்கிறது என்று பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். சொல்லியிருந்தால், சமையலறைக்கும் தூண் இறக்கியிருப்பார்; அல்லது அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்.

மரத்துக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?

இந்நாட்டில் ரப்பர் மரத்துக்கு மண் பார்த்த வரலாறு சிறியதன்று. 1925-ஆம் ஆண்டில் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (1998 முதல் அது மலேசிய ரப்பர் வாரியத்துள் அடக்கம்) எந்த மண்ணில் எந்த இன மரம் நன்றாகப் பால் தரும், எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தது. மண்ணுக்கு ஊர்ப்பெயர்களே சூட்டப்பட்டன. கருங்கல் பாறை மக்கி உண்டான செம்மஞ்சள் மண் ‘ரெங்கம்’. சரளைக் கல் நிறைந்த செம்மண் ‘மலாக்கா’. மணற்பாறையிலிருந்து வந்தது ‘செர்டாங்’. எரிமலைப் பாறையிலிருந்து வந்த ஆழமான சிவந்த மண் ‘குவாந்தான்’. கடலோரக் களிமண் ‘சிலாங்கூர்’. நம்மில் எத்தனையோ பேர் இந்தப் பெயர்களை ஆபீஸ் வரைபடத்தில் கண்டிருப்போம். கிராணிமார் தங்கள் கையாலேயே எழுதியிருப்பார்கள்.

ஒரு மரம் பால் தரும் காலம் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு. அந்த மரத்தை நடுவதற்கு முன் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். மூன்று தலைமுறை வாழப்போகிற வீட்டைக் கட்டுவதற்கு முன், அந்த வீட்டுக்காரனிடம் மண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்ல மனம் வரவில்லை என்றால், இது என்ன நியாயம்?

தோட்டத்தில் எந்த நிலம் தொழிலாளர் வீட்டுக்கு ஒதுக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நல்ல விளைச்சல் நிலத்தை யாரும் எளிதில் விட்டுக் கொடுப்பதில்லை. மரம் சரியாக வராத மூலை, மழைக்குத் தண்ணீர் கட்டும் பள்ளம், செங்குத்தான சரிவு, பழைய ஈயலம்பத்தை ஒட்டிய மணல்காடு ஆகியவைதான் நம் பக்கம் தள்ளப்படும் ஆபத்துள்ள இடங்கள். எல்லா நிர்வாகமும் அப்படித்தான் செய்கிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

பிராங் பெசார் தோட்டத்தை நம்மில் அறியாதார் யார்? ‘பி.பி. 86’ போன்ற புகழ்பெற்ற மர இனங்களை நாட்டுக்குத் தந்த தோட்டம் அது. 1990-களில் அந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வேலை செய்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அந்தக் கட்டடங்களில் விரிசல் கண்டதும், மக்கள் பல்லாண்டு முறையிட்டதும் பத்திரிகைகளில் வந்த செய்திகள். விரிசலின் காரணத்தைத் தீர்ப்பது பொறியாளர் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால், வீடு மாறும் அன்றைக்கு, காலடியில் இருப்பது என்ன என்று கேட்கும் உரிமையை மக்கள் கையில் கொடுத்திருக்க வேண்டாமா என்பது நம் கேள்வி.

ஒரே மருந்து எல்லா மண்ணுக்கும் ஆகாது

நாட்டுக்கு நாடு மண் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம், ஏன், ஒரு குன்றின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலேயே மண் மாறும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சலில் நம்மவர் செத்து விழுவதைக் கண்டார். கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டித் திறந்து, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடியவிட்டார். காய்ச்சல் தணிந்தது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது பலன் தலைகீழானது. அங்கே காய்ச்சலைப் பரப்பும் கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது பெருகும். காட்டைத் திறந்ததே அதற்கு வசதியாகிவிட்டது. பிறகு அங்கே ஓடைநீரை நிலத்தடிக் குழாயில் இறக்கியும், எண்ணெய் தெளித்தும் வேறு வழி காண வேண்டியிருந்தது. சமவெளிக்கு மருந்தாக இருந்தது மலைக்கு நஞ்சானது.

வீட்டுக்கும் அதே கதைதான். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ரெங்கத்திலும் சபாக் பெர்ணத்திலும் வீடு கட்டினால், ஓரிடத்தில் நிற்கும், மற்றோரிடத்தில் சாயும். தெலுக் இந்தானில் 1885-இல் ஊருக்குத் தண்ணீர் சேமிக்கக் கட்டிய கோபுரம் இன்றும் சாய்ந்தபடி நின்று, வருவோர் போவோருக்கு வேடிக்கை காட்டுகிறது. மிருதுவான மண்ணின்மேல் பாரம் ஏற்றியதன் சாட்சி அது. கோபுரம் சாய்ந்தால் படம் பிடிக்க ஆள் வரும். நம் வீடு சாய்ந்தால் யார் வருவார்?

ஆகவே, எந்த மண் எப்படிப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறோம்.

மேட்டுச் செம்மண் வீட்டுக்குப் பெரும்பாலும் நல்லது; தண்ணீர் வடியும், பாரம் தாங்கும். ஆபத்து மண்ணில் இல்லை, சரிவில் இருக்கிறது. குன்றை வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டிச் சமதளம் செய்வார்கள். பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணிலும், பாதி வீடு கொட்டிய புது மண்ணிலும் நின்றால், நடுவில் பிளக்கும். கொட்டும் மண்ணை ஓரடிக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் உருளை ஓட்டி இறுக்க வேண்டும். லோரி லோரியாகக் கொட்டி மேலே மட்டும் சமப்படுத்தினால், அது மழைக்குக் காத்திருக்கும் மண். சரிவும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் இடிந்த அடுக்குமாடியில் 48 உயிர்களும், 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி மண்சரிவில் 31 உயிர்களும் போனதில் நாடு கண்டது.

கடலோரக் களிமண்ணைப் பற்றி மேலே சொன்னோம். அங்கே வீடு கட்டினால் தூண் இறக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாக்காவ் மரக் கட்டைகளை இறக்கினார்கள். என்றும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் அந்தக் கட்டை நெடுங்காலம் கெடாது. தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துவிடும். இந்தக் களிமண்ணில் இன்னொரு வகை உண்டு. தோண்டிக் காயவிட்டால் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். அது காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும் மண். பயிரைக் கருக்கும், சாதாரண சிமெண்டையும் அரிக்கும்.

கறுப்பாக, லேசாக, மக்கிய வேரும் இலையுமாக இருப்பது பாயா மண். தண்ணீரை வடித்தால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராவது தாழ்ந்துகொண்டே போகும், காய்ந்தால் தீப்பிடிக்கும். தூண்மேல் கட்டிய வீடு அந்தரத்தில் நிற்க, படிக்கட்டு கீழே இறங்கிக் கிடப்பதை அங்கெல்லாம் காணலாம். வேறு நிலம் இருக்கும்போது இதை வீட்டுக்கு ஏற்கக் கூடாது என்பதே நம் கருத்து.

பழைய ஈயலம்ப நிலத்தில் ஒரு பக்கம் வெறும் மணல். பத்தடி தள்ளி, நிரப்பி மூடிய குளத்துச் சேறு. மேலே பார்த்தால் ஒன்றுபோல் தெரியும். இங்கே சோதனை செய்யாமல் கட்டுவது சூதாட்டம்.

கண்ணுக்குத் தெரியாத கட்டைகள்

ரப்பர்க் காட்டை அழித்து வீடு கட்டும் இடத்தில் மட்டும் உள்ள ஓர் ஆபத்தைத் தனியே சொல்ல வேண்டும். மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்காமல், மேலே மண் தள்ளி மூடிவிடும் வழக்கம் உண்டு. ரப்பர்க் கட்டை சீக்கிரம் உளுக்கும். சில ஆண்டுகளில் அது இருந்த இடம் வெற்றிடமாகி, தரை பள்ளமாகும். அதற்கு முன்பே கறையான் கூட்டம் குடியேறி, கட்டை தீர்ந்ததும் கதவு நிலையையும் கூரைச் சட்டத்தையும் தேடி வரும். வாசலில் நடுகிற மரத்துக்கு வெள்ளை வேர் நோயும் அந்தப் பழைய கட்டையிலிருந்துதான் பரவும். வேர் நோயை மரத்தில் கண்டால் மண்டோருக்குச் சொல்லும் நாம், வீட்டு மனையில் கட்டை புதைப்பதைக் கண்டு சும்மா இருப்பானேன்?

கழிவுத் தொட்டி என்னும் சிறு விஷயம்

“கக்கூஸ் தொட்டியைப் பற்றியா பத்திரிகையில் எழுதுவது?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டாம். லயத்தில் சரியான கழிவறை இல்லாத காலத்தில், கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறி, நம் முன்னோரின் இரத்தத்தை உறிஞ்சியது. வெளிறிப்போன முகத்தோடு காட்டுக்குப் போனவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். சோம்பலன்று, மண்ணிலிருந்து வந்த நோய். ஆகவே இது சிறு விஷயமன்று.

செப்டிக் தொட்டியின் வேலை எளிது. கனமான கழிவு அடியில் தங்கும். கொழுப்பு மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீர் அடுத்த அறைக்குப் போய் வெளியேறும். வெளியேறும் நீர் சுத்தமான நீரன்று. நோய்க் கிருமி அதில் இருக்கும். அதை மண்ணுக்குள் இறக்குவதானால், வடிகட்டிச் சுத்தமாக்க வேண்டியது அந்த மண்தான். களிமண் அதை உறிஞ்சாது. நீர் மேலே பொங்கும். மணல் அதை ஒரே மூச்சில் குடித்துவிடும். வடிகட்டாமலே கிணற்றுக்குப் போகும். கிணறு உள்ள இடத்தில் தொட்டிக்கும் அதற்கும் குறைந்தது 50 அடி, முடிந்தால் 100 அடி இடைவெளி வேண்டும். அதுவும் கிணறு மேட்டில், தொட்டி பள்ளத்தில் இருக்க வேண்டும்.

மண் நீரை உறிஞ்சுமா என்பதை அறியப் பெரிய படிப்பு வேண்டாம். ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, தண்ணீர் ஓரங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்த மண்ணை நம்பிக் கழிவுநீரை இறக்க முடியாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் கிணற்றுக்கு ஆபத்து. நீங்கள் ஊற்றாமலே குழியில் தண்ணீர் ஊறி நின்றால், நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது என்று பொருள். அத்தகைய இடத்தில் லேசான தொட்டியைக் காலி செய்தால், படகு போல மேலே கிளம்பும். இந்தச் சோதனையை வெயில் காலத்தில் செய்து ஏமாறக் கூடாது. மழை மாதத்தில் செய்ய வேண்டும்.

தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காலி செய்யவும் வேண்டும். லோரி வந்து குழாய் போட வழியில்லாமல் தொட்டியின்மேல் சிமெண்டுத் தரை போட்டுச் சமையலறை கட்டியிருப்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களையும் கண்டிக்கிறோம், அன்போடுதான்.

பெண்களின் தோட்டம்

வாசல் தோட்டத்தைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், தொழிலாளி வீட்டு அடுப்படியை அறியாதவர்கள். கறிவேப்பிலை, முருங்கை, மரவள்ளி, பச்சை மிளகாய், கீரை ஆகிய இந்த ஐந்தும் வாசலில் இருந்தால் கடைக்கணக்கில் ஒரு பகுதி குறையும். வேலை இல்லாத மழை நாளில் குடும்பத்துக்குக் கைகொடுப்பதும் அதுதான்.

புது வீடமைப்பில் செடி வராததற்கு முதற்காரணம், எந்திரம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடுவது. சத்தெல்லாம் மேலே உள்ள அரையடி கறுத்த மண்ணில் இருக்கிறது. அது போனபின் மிஞ்சுவது அடிமண். அதில் வேர் ஓடாது, தண்ணீரும் இறங்காது. மனை வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்தபின் வாசலில் பரப்பினால் போதும். சில மணி நேர எந்திர வேலை, ஒரு தலைமுறைக்கு உதவும்.

இரண்டாவது காரணம் புளிப்பு. மண்ணின் புளிப்பை அளக்கும் அளவில் 7 என்பது நடுநிலை. நம் மேட்டுச் செம்மண் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். ரப்பர் மரம் அதைத் தாங்கும். கீரையும் மிளகாயும் தாங்கா. சுண்ணாம்புத் தூள் அல்லது விறகுச் சாம்பல் போட்டுப் புளிப்பைக் குறைத்து, மக்கிய எருவும் கோழிச் சாணமும் சேர்க்க வேண்டும். பள்ளமான களிமண் மனையில் மேட்டுப் பாத்தி போட்டு, மேலே நட வேண்டும். அழுகிய முருங்கைக்கு மருந்து உரமன்று, வடிகால்.

வெட்டுக்காரர் கண்ணும் கிராணி ஏடும்

இத்தனையும் எஞ்சினியர் வேலை, நமக்கென்ன தெரியும் என்று பின்வாங்குகிறீர்களா? தோழர்களே, இதில்தான் நம்மை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம்.

விடியுமுன் நிரை நிரையாக நடந்து பால் வெட்டுகிறவருக்கு, எந்த நிரையில் கால் புதையும், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பின் மூன்று நாள் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் காற்றுக்கு மரம் வேரோடு சாயும் என்பது தெரியாதா? மண்வெட்டி பிடித்தவருக்கு, சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் இருந்தால் அங்கே தண்ணீர் நின்று போயிருக்கிறது என்பது தெரியாதா? செண்டுடுக் என்று மலாய்க்காரர் சொல்லும் ஊதாப்பூச் செடி மண்டிய இடம் புளிப்பு மண் என்பதும், காட்டுச் சேம்பும் கோரையும் மண்டிய இடம் ஈரம் வடியாத இடம் என்பதும் நம் அம்மாக்கள் அறிந்தவைதாமே?

அவர்கள் கண்ணால் கண்டதை ஆபீஸில் உள்ள கிராணிமார் ஏட்டால் காட்ட முடியும். மழைமானிக் கணக்கு, நிரை வரைபடம், மறுநடவு ஆண்டு, மண் வகை, எந்தப் பகுதியில் எத்தனை மரம் செத்தது என்ற விவரங்கள் தோட்டத்து ஏடுகளில் உறங்குகின்றன. இரகசியத்தைத் திருடச் சொல்லவில்லை. முறைப்படி கேட்கும்போது எந்த ஏட்டைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள் என்கிறோம். வெட்டுக்காரரும் கிராணியும் வெவ்வேறு சங்கத்தில் இருக்கலாம். ஓய்வு பெற்றபின் இருவர் வீடும் நிற்பது ஒரே மண்ணில்தான்.

“கிடைத்ததை வாங்கிக்கொள்” என்போருக்கு

சிலர் சொல்வார்கள்: “பல்லாண்டு போராடி இப்போதுதான் வீடு என்ற பேச்சே வருகிறது. மண் சரியில்லை, தொட்டி சரியில்லை என்று கிளப்பினால், இதுவும் கைநழுவிப் போகும்.” இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. காத்திருந்து காத்திருந்து கண் பூத்தவர்களின் அச்சம் அது. ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீடு பத்தாண்டில் பிளந்தால், இரண்டாவது வீட்டுக்கு நம்மிடம் இரண்டாவது வாழ்நாள் இருக்கிறதா? நாட்டின் வழக்கமான வீட்டு விற்பனை ஒப்பந்தத்தில், குறைகளைச் சரிசெய்து கொடுக்கும் காலம் 24 மாதம். களிமண் அமுங்குவதும் ரப்பர்க் கட்டை உளுப்பதும் 24 மாதக் கணக்குப் பார்த்து நடப்பதில்லையே!

இன்னும் சிலர், மண் சோதனை பணக்காரர் வீட்டுக்கு ஆகும் செலவு என்பார்கள். தவறு. இரும்புக் கம்பியைத் தரையில் நிறுத்தி, மேலிருந்து எடையைப் போட்டு அடித்து, ஓரடி இறங்க எத்தனை அடி என்று எண்ணும் மாக்கிந்தோஷ் சோதனை, சிறு வீடுகளுக்காக இந்நாட்டில் நெடுநாளாக நடந்து வருவது. கட்டுவதற்கு முன் செய்யும் அந்தச் செலவு, பிளந்த சுவரைப் பூசும் செலவின் முன் நிற்காது. பணக்காரர் வீடு சாய்ந்தால் அவர் வேறு வீட்டுக்குப் போவார். சோதனை அதிகம் தேவைப்படுவது ஏழைக்குத்தான்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிக் காட்டிய மக்கள் நாம். தோட்டத்துக்கு விலை பேசத் தெரிந்த சமுதாயத்துக்கு, ஒரு மனையின் மண்ணைப் பற்றிப் பேச நா எழாதா?

நாம் கேட்பது

இனி, வீட்டைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இந்த ஐந்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

1. மனையைக் காட்டும் முன் மண் சோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும்; அதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2. அனுபவமுள்ள வெட்டுக்காரர்கள், கிராணிமார், மாதர் ஆகியோர் கொண்ட ஒரு குழு, மழை மாதத்தில் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும்.

3. ரப்பர்க் கட்டைகளைத் தோண்டி அகற்ற வேண்டும். நிரப்பும் மண்ணை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். மேல்மண்ணைப் பத்திரப்படுத்தித் திருப்பித் தர வேண்டும்.

4. கழிவுநீர் ஏற்பாடு அந்தந்த மண்ணுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். தொட்டி எங்கே, தூண் எங்கே என்று காட்டும் வரைபடம் ஒன்றைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

5. மிருதுவான மண்ணில் கட்டினால், குறை தீர்க்கும் பொறுப்பு 24 மாதத்தோடு முடியாமல் நீள வேண்டும்.

இவை சலுகைகளல்ல. மரத்துக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்யுங்கள் என்பதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

தொழிலாளத் தோழர்களே, இந்த மண்ணில் காடு வெட்டியவர்கள் நாம். நிரை பிடித்து நட்டவர்கள் நாம். இந்த மண்ணிலேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் நாம். நமக்குக் கொடுக்கப்படும் ஒரு துண்டு நிலத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, “இது எப்படிப்பட்ட மண்?” என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கடலோரத்தில் அந்தப் பெரியவரின் மனைவியார் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்ட கேள்வியை, இனி நம் பெண்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். அதற்கு முன், ஒரு மழை நாளில், ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.